ஏகமனதாக

பதினொரு வருடம் ஒரே வசனத்தை எழுதினேன்:
"தலைவராகத் திரு. பூபாலரெத்தினம் அவர்கள்
ஏகமனதாகத் தெரிவானார்."
கூட்டம் நடந்த வருடமும் எழுதினேன்,
நடக்காத வருடமும்.
ஒருமுறை அவரது வளவில் வைத்து,
கோழிக்குத் தவிடு குழைத்தபடி அவர் சொல்லச் சொல்ல.

வேம்பந்துறை வாவி மீனவர் சங்கம் என்பது
ஒரு தகரக் கொட்டில், மூன்று ஐஸ் பெட்டி,
பூட்டின அலுமாரி.
சாவி அவரது இடுப்பில்.
எந்த வள்ளம் எந்த இரவு இறங்கலாம்,
யாருக்கு மண்ணெண்ணெய், யாருக்கு மானிய வலை,
எல்லாம் அந்தச் சாவிதான்.
எதிர்த்துக் கதைத்த யோகானந்தனின் வலை
ஒரு விடியப்புறம் கண்டல் மரத்தில் கிழிந்து தொங்கியது.
கிழித்தது நண்டு என்று
கொப்பியில் இருக்கிறது.
அதுவும் என் கையெழுத்து.

புரட்டாதியில் திரௌபதை அம்மனுக்குக் கொடியேறினால்
பதினெட்டு நாள் எங்களுக்கு ஒரு ராசா.
இந்த முறை கதிராமத்தம்பி.
மற்ற நாளில் சைக்கிளில் செப்பலி கட்டிக்கொண்டு
களுவாஞ்சிகுடி மட்டும் கூவிப்போகிறவர்.
(எனக்கு ஒருதரம் நிறுவையில் நூறு கிராம் குறைத்தவர்.
மறக்கவில்லை.)
தருமராய் முடி வைத்த பிறகு
அவர் முன்னால் எவரும் செருப்போடு நிற்பதில்லை,
அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை.
அது வழமை.
தண்ணி கொண்டுவா, விளக்கைத் தூண்டு,
அதற்கு மேலே
எந்தத் தருமரும் ஆணையிட்டதாக நான் அறியேன்.

வனவாசம் முடிந்த இரவு தலைவர் வந்தார்.
பட்டுச் சால்வை, பின்னால் நாலு பொடியன்கள்.
முதல் ஆளாய்த் திருநீற்றுக்குக் கை நீட்டினார்.
தருமர் தட்டைத் தொடவில்லை.

"சங்கக் கூட்டம் எப்ப கா?"

ஜெனரேட்டர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"நாட்டைச் சூதில வெச்சவன் நான்.
தம்பிமாரை வெச்சன். பொஞ்சாதியை வெச்சன்.
அவங்களக் கேட்டா வெச்சன்?
அந்த நாட்டுச் சனத்தை
ஆரும் ஒருக்காலாவது கேட்டாங்களா?
தீ மிதிச்ச மறுநாள் கூட்டம்.
ஆளுக்கு ஒரு கடதாசி, மடிச்சுப் போடணும்.
இது என்ட ஆணை.
தவமலர், எழுது."

தலைவரின் கை இன்னும் நீட்டியபடி.
நான் எழுதினேன்.
பேனை இரண்டு தரம் நின்றது.

"நீங்களே இருங்க, ராசா!"
பின்னாலிருந்து ஒருவன். பிறகு பலர்.
பக்கத்தில் நின்றதால் கண்டேன்:
அந்த ஆசை அவர் முகத்தில் வந்து குந்தியது.
முடியைக் கொஞ்சம் நேராக்கிக்கொண்டார்.
மறுகா சொன்னார்:
"எனக்குப் பதினெட்டு நாள் போதும்.
அதுக்குப் பேந்து நான் மீன் விக்கிற ஆள்.
நிறுவை பிழைச்சா
நீங்க என்னைப் பேசவேணும்."

வாக்குப் பெட்டி கிடைக்கவில்லை.
ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக் கழுவினோம்.
யோகானந்தன் கடதாசியை
மடித்து, மடித்து,
புளியங்கொட்டை அளவாக்கிப் போட்டான்.
கதிராமத்தம்பியும் வரிசையில் நின்றார்.
பாதம் பொக்களித்திருந்தது;
விரதத்தில் பிழை என்றார்கள் தலைவரின் ஆட்கள்.
இடாப்பைப் பார்த்தேன்.
இரண்டு வருடம் சந்தா கட்டவில்லை, வாக்கில்லை.
நான்தான் சொன்னேன்.
"சரிதான்" என்றார்,
சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்,
நொண்டி நொண்டி.

இருநூற்றுப் பதினாறு கடதாசி,
எல்லாம் ஈரம், எல்லாம் மீன் வெடில்.
பூபாலரெத்தினம் நூற்றுப் பன்னிரண்டு.
மற்றவர் நூற்று நான்கு.
ஓம், வென்றது அவர்தான்.
ஆனால் திரும்ப எண்ணச் சொன்னார்.
எண்ணினேன், சத்தமாக.
நூற்று நான்கு என்று நான் சொல்லும்போது
அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.
ஒரு முகமும் குனியவில்லை.
இடுப்புச் சாவியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அன்றிரவு கொப்பியை விரித்தேன்.
கை பழக்கத்தில்
"ஏக" மட்டும் போய்விட்டது.

வெட்டினேன்.